முதுமையில் நினைவாற்றலும் அன்றாட உணவும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

முதியோர் நலம் குறித்த இப்பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மறதியையும் உணவையும் பற்றியவை. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, முதியோர் மருத்துவர் ஒருவர் அளித்த பதில்களை இங்கே தருகிறோம்.

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. தெரிந்தவர்களின் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை என்று சில மாதங்களாகச் சொல்லி வருத்தப்படுகிறார். நாள்தோறும் ஊறவைத்த பாதாம், வால்நட், வல்லாரை மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்து வருகிறேன். மறதிநோய் வராமல் தடுக்கும் உணவு என்று ஏதேனும் உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அப்படி ஒரு தனி உணவு கிடையாது. பெயர் நினைவுக்கு வரச் சற்றுத் தாமதமாவதும், சிறிது நேரம் கழித்துத் தானாகவே வந்துவிடுவதும் வயதின் இயல்பு. நாற்பது ஆண்டுகளாக வைத்துவந்த குழம்பின் பக்குவம் தவறுவது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, காலையில் கேட்ட கேள்வியையே மாலை வரை கேட்டுக்கொண்டிருப்பது ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. உங்கள் தாயாரிடம் இரண்டாவது வகை தென்பட்டால், பாதாம் வாங்குவதற்கு முன்பே அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கிறார்கள் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பலர் 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்ற வீட்டார் சமாதானத்தால் மருத்துவமனைப் பக்கம் வராமலே இருந்துவிடுகிறார்கள்.

வால்நட் மூளையின் வடிவத்தில் இருப்பதால் மூளைக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் லோமா லிண்டாவிலும் ஸ்பெயினின் பார்சிலோனாவிலும் நலமாக இருந்த முதியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் வால்நட் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் இடையே அறிவாற்றல் சோதனைகளில் ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வால்நட் இதயத்துக்கு நல்ல உணவுதான் என்பதால் கொடுப்பதில் தவறில்லை. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு கைப்பிடி வேர்க்கடலை கொடுத்தாலும் குறைவொன்றும் வந்துவிடாது.

இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுவது 'மைண்ட்' உணவுமுறை. சிகாகோவில் உள்ள ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மார்த்தா கிளேர் மோரிஸ் தலைமையிலான குழு வகுத்த இம்முறை கீரை, காய்கறி, பருப்பு, கொட்டை வகைகள், முழுதானியம், மீன் ஆகியவற்றைக் கூட்டி, வெண்ணெய், இனிப்பு, பொரித்த பண்டங்கள், சிவப்பிறைச்சி ஆகியவற்றைக் குறைக்கச் சொல்கிறது. 923 முதியவர்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்து அக்குழு 2015-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இம்முறைக்கு மிக நெருக்கமாக உண்டவர்களிடம், மறதிநோய் வகைகளில் மிகப் பரவலான அல்சைமர் நோய் 53 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. பத்திரிகைகள் அந்த எண்ணைக் கொண்டாடின. ஆனால், 604 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் மைண்ட் முறைப்படி மூன்று ஆண்டுகள் உண்ணச் செய்து பார்த்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தபோது, இரு குழுக்களுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அந்த முடிவுக்குப் பத்திரிகைகளில் அவ்வளவு இடம் கிடைக்கவில்லை.

இந்த முரண்பாட்டுக்குக் காரணங்கள் உண்டு. தாமாகவே நல்ல உணவைத் தேர்ந்து உண்பவர்கள் பெரும்பாலும் நடைப்பயிற்சி செய்பவர்களாகவும், இரத்த அழுத்தத்தைத் தவறாமல் சோதிப்பவர்களாகவும், புகைப்பழக்கம் இல்லாதவர்களாகவும் இருப்பார்கள். பலன் எதனால் வந்தது என்பதைப் பிரித்தறிவது கடினம். சோதனையில் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்ட குழுவினரும் உணவின் அளவைக் குறைத்து எடை இழந்தவர்கள் என்பதால் அவர்களும் ஓரளவு நலம் பெற்றிருக்கிறார்கள். மேலும், பதினைந்து, இருபது ஆண்டுகளாகச் சத்தமின்றி வளரும் நோயை மூன்றாண்டுச் சோதனையில் அளந்துவிட முடியாது. ஆகவே, உணவால் பயனில்லை என்று பொருள்கொள்ள வேண்டாம். உணவு தனியே நின்று வேலை செய்வதில்லை என்று கொள்ளலாம். பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைக்கான பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் நடத்திய 'ஃபிங்கர்' ஆய்வில், அறிவாற்றல் சோதனைகளில் ஏற்பட்ட முன்னேற்றம் மற்றக் குழுவைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. நானறிந்தவரை, முதியவர்களுக்கு நம்பிக்கையோடு எடுத்துச் சொல்லக்கூடிய சான்று இதுதான்.

வல்லாரையைப் பொறுத்தவரை, வாரம் ஒன்றிரண்டு முறை துவையலாக அரைத்துக் கொடுங்கள். கீரை என்ற அளவில் நன்மைதான். மாத்திரை வேண்டாம். வல்லாரைச் சாற்றுமாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தவர்களில் அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

கேள்வி: எனக்கு 72 வயது. பிறந்ததிலிருந்து சைவ உணவுதான். பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோப்ரசோலும் எடுத்துக்கொள்கிறேன். அண்மைக் காலமாகப் பாதங்கள் மரத்துப்போகின்றன. இருட்டில் நடந்தால் தள்ளாட்டம் வருகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன். இதற்கு வயது காரணமா, உணவு காரணமா? பழைய சோற்றில் வைட்டமின் பி12 இருப்பதாகச் சொல்கிறார்களே?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: இந்த வாரமே இரத்தத்தில் பி12 அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் வரிகளிலேயே அதற்கான காரணங்கள் எல்லாம் இருக்கின்றன.

பி12-ஐ உருவாக்குபவை நுண்ணுயிரிகள் மட்டுமே. விலங்குகளின் உடலில் அது சேர்கிறது. செடி கொடிகளில் சேர்வதில்லை. எனவே சைவ உணவு உண்பவருக்குப் பாலும் தயிரும் பன்னீருமே வழி. நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும் இச்சத்து, 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம்தான் இருக்கிறது. காபியில் ஊற்றும் பாலும் நீர்மோரும் மட்டுமே ஒருவருடைய பால் கணக்கு என்றால் தேவையில் பாதிகூட நிறைவேறாது. அடுத்தது வயிறு. உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். முதுமையில் பலருக்கு அது இயல்பாகவே குறைகிறது, பான்டோப்ரசோல் அதை மேலும் அடக்குகிறது. மூன்றாவது, மெட்ஃபார்மின், சிறுகுடலின் கடைப்பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. இந்த மூன்றும் உங்களிடம் ஒன்றுகூடியிருக்கின்றன. கல்லீரலில் இச்சத்தின் சேமிப்பு சில ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருப்பதால் குறைபாடு மெதுவாகவே வெளிப்படும். வெளிப்படும்போதும் 'சர்க்கரையால் வந்த மரமரப்பு' என்று தள்ளப்பட்டுவிடும். மெட்ஃபார்மின் எடுப்பவர்களின் பி12 அளவை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கமே தன் வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது. நம் ஊரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்ப்பவர்களில் எத்தனை பேர் பி12 பார்க்கிறார்கள்?

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பி12 குறைந்தால் இரத்தசோகை வரும், அதைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கீரையும் பருப்பும் நிறைய உண்ணும் சைவர்களுக்கு ஃபோலேட் சத்து தாராளமாகக் கிடைப்பதால் இரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துவிடக்கூடும். நரம்பின் சிதைவு மட்டும் தொடரும். ஆகையால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்ற அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

பி12, ஃபோலேட் முதலியவை குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் உயரும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், லேசான நினைவுக் குறைவு தொடங்கியிருந்த முதியவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 ஆகியவற்றை இரண்டு ஆண்டுகள் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மூளை சுருங்கும் வேகம் சராசரியாக 30 சதவீதம் குறைந்திருந்தது. ஹோமோசிஸ்டீன் மிகுந்திருந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. குறைபாடு இல்லாதவர் இம்மாத்திரைகளை விழுங்குவதால் நினைவாற்றல் கூடிவிடாது.

பழைய சோற்றைப் பற்றிக் கேட்டீர்கள். காலையில் சின்ன வெங்காயத்தோடு அதை உண்பதற்கு நான் எதிரியல்லன். ஆனால் அதையோ, இட்லி மாவின் புளிப்பையோ, சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையையோ பி12-க்காக நம்பி இருக்க முடியாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அளவு குறைந்திருப்பது உறுதியானால், நரம்பின் அறிகுறிகள் இருப்பதால் மருத்துவர் முதலில் ஊசியில் தொடங்கக்கூடும்; பிறகு மாத்திரைக்கு மாற்றுவார். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பான்டோப்ரசோல் இன்னும் தேவையா என்பதை மட்டும் அவரிடம் கட்டாயம் கேளுங்கள். சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்த அம்மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் ஏராளம்.

கேள்வி: என் தந்தைக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது. அப்பளம், ஊறுகாய், கருவாடு இல்லாமல் சாப்பிட மாட்டார். உப்பைக் குறைக்கச் சொன்னால் 'எழுபது வருடமாகச் சாப்பிடுகிறேன், எனக்கென்ன ஆயிற்று' என்கிறார். உப்புக்கும் மறதிக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உண்டு, இரத்தக் குழாய்களின் வழியாக. உடல் எடையில் சுமார் இரண்டு சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ இருபது சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதைக் கொண்டுசேர்க்கும் மெல்லிய குழாய்கள் உயர் அழுத்தத்தால் தடித்துச் சுருங்கும்போது, வெளியே தெரியாத சிறுசிறு அடைப்புகள் ஏற்பட்டு, பக்கவாதம் என்று சொல்லும்படி எதுவும் நேராமலே சிந்தனையின் வேகமும் திட்டமிடும் திறனும் குறைந்துகொண்டே வரும். உங்கள் தந்தை 'எனக்கென்ன ஆயிற்று' என்று கேட்கும் காலத்திலேயே இது நடந்துகொண்டிருக்கலாம். அமெரிக்காவில் 9361 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான 'ஸ்பிரின்ட் மைண்ட்' ஆய்வில், மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைப்பதைவிட 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது. அது மருந்துகளால் நடந்தது என்றாலும், மருந்து வேலை செய்வதற்கு உப்புக் குறைப்பு துணைநிற்கும் என்பதில் ஐயமில்லை.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. சாம்பார், ரசம், பொரியல் எல்லாவற்றிலும் சேர்த்து இந்த அளவு. நம் வீடுகளில் குழம்பிலேயே அது முடிந்துவிடும். அப்பளமும் மோர்மிளகாயும் கருவாடும் அதற்கு மேல் ஏறும் கணக்கு. எழுபது வயதுக்காரரிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்துக்கொள்ள முயன்றால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இருமுறை அலசுங்கள்; ஊறுகாய் ஜாடியை மேசையிலிருந்து எடுத்துவிட்டு, எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம் ஆகியவற்றால் சுவையைக் கூட்டுங்கள்; சோற்றில் உப்புப் போட்டு வடிக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும்.

சோடியம் உப்பில் கால் பங்குக்குப் பொட்டாசியம் உப்பைக் கலந்து சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேருக்குக் கொடுத்த ஆய்வில், பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-இல் தெரியவந்தது. அத்தகைய உப்பு இங்கும் கிடைக்கிறது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மறுகோடிக்கும் போக வேண்டாம். நீர்பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டு, உப்பையும் அறவே நிறுத்திவிட்ட முதியவருக்கு இரத்தத்தில் சோடியம் சரிந்து, ஓரிரு நாளில் குழப்பமான பேச்சும் மயக்கமும் வருவதை மருத்துவமனைகளில் அடிக்கடி காண்கிறோம்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் நாள்தோறும் இரண்டு கரண்டி குடித்தால் அல்சைமர் நோய் குணமாகும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். உண்மையா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: இல்லை. அல்சைமர் மூளை சர்க்கரையைப் பயன்படுத்தத் திணறும்போது கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைக் கொடுக்கலாம் என்ற கருத்திலிருந்து இது கிளம்பியது. கருத்து ஆராயத் தக்கதுதான். ஆனால் தேங்காய் எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் அவ்வளவு எளிதில் கீட்டோனாக மாறுவதில்லை, நோய் குணமானதற்கு நம்பத்தகுந்த சோதனைச் சான்றும் இல்லை. இவ்வெண்ணெயில் எண்பது சதவீதத்துக்கும் மேல் நிறைகொழுப்பு. அது கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐ உயர்த்தும். 2024-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்கான, மாற்றக்கூடிய காரணிகளின் பட்டியலைப் பதினான்காக விரித்தபோது புதிதாகச் சேர்த்த இரண்டில் நடுவயதின் உயர் எல்.டி.எல். ஒன்று, சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடு மற்றொன்று. பொரியலுக்குத் தேங்காய்த் துருவலும், தாளிக்க ஒரு கரண்டி எண்ணெயும் பொள்ளாச்சிக்காரர்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. மருந்தாகக் குடிக்க வேண்டாம்.

கேள்வி: மஞ்சளும் மிளகும் சேர்த்துப் பாலில் குடித்தால் மூளைக்கு நல்லது என்கிறார்களே?
– வாசகர், ஈரோடு

பதில்: மஞ்சளில் உள்ள குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. மிளகின் பைப்பரினோடு சேர்த்தால் உறிஞ்சுதல் பல மடங்கு கூடும் என்பதைப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-லேயே காட்டினார்கள். காணொளிகள் சொல்வதில் அந்தப் பகுதி சரி. மீதி சரியில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ மூன்று சதவீதம்தான். அல்சைமர் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு முதல் நான்கு கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலும் பலன் கிடைக்கவில்லை. அந்த அளவைத் தூளாக உண்பதென்றால் நாளுக்கு எழுபது கிராமுக்குக் குறையாமல் விழுங்க வேண்டும். நோய் வராத நாற்பது பேரிடம், எளிதில் உறிஞ்சப்படும்படி தனியாகத் தயாரித்த குர்குமினைக் கொண்டு நடந்த ஒரு சிறு ஆய்வில் நினைவாற்றல் சற்று முன்னேறியது. அதைவிடப் பெரிய ஆய்வில் உறுதியாகும் வரை அதைப் பாலுக்குப் பொருத்திப் பேசக்கூடாது.

ஈரோட்டிலிருந்து கேட்பதால் ஒன்று சொல்கிறேன். மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈய குரோமேட் கலக்கும் மோசடி வங்கதேசத்தில் 2019 வாக்கில் ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டது. இந்தியச் சந்தைகளின் சில மாதிரிகளிலும் ஈயம் காணப்பட்டிருக்கிறது. ஈயம் நரம்புக்கு நஞ்சு. கண்ணைப் பறிக்கும் மஞ்சளைவிட, தெரிந்த இடத்தில் கிழங்காக வாங்கி அரைத்த மங்கலான மஞ்சள் மேல்.

கேள்வி: கடலோர ஊர் என்பதால் எங்கள் வீட்டில் மீன் உண்டு. ஆனாலும் என் மகன் வெளிநாட்டிலிருந்து மீன் எண்ணெய் மாத்திரை அனுப்புகிறான். எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: மூளையின் உயிரணுச் சவ்வுகளில் பெருமளவு இருக்கும் டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி போன்ற கொழுப்பு மீன்களில் தாராளமாகக் கிடைக்கிறது. விலை உயர்ந்த வஞ்சிரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, மத்தியே போதும். மீன் உண்பவர்களிடம் மறதிநோய் குறைவாக இருப்பதை, மக்களின் வழக்கத்தைக் கவனிக்க மட்டும் செய்யும் பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டினாலும், அமெரிக்காவில் கண்நோய் உள்ள ஏறத்தாழ 4000 முதியவர்களுக்கு ஐந்து ஆண்டுகள் ஒமேகா-3 மாத்திரை கொடுத்த ஆய்வில் நினைவாற்றலுக்குப் பலன் ஏற்படவில்லை என்று 2015-இல் தெரிந்தது. வாரம் இருமுறை குழம்பாகவோ அவியலாகவோ மீன் உண்கிறீர்கள் என்றால் மாத்திரை தேவையில்லை; இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் கேட்காமல் எடுக்கவும் கூடாது. எண்ணெயில் முறுகப் பொரித்த மீனுக்கு இந்த நற்பெயர் பொருந்தாது. சைவர்களுக்கு ஆளிவிதை ஒரு மாற்று. அதிலுள்ள ஒமேகா-3-இல் மிகச் சிறு பகுதியே டி.எச்.ஏ.-ஆக மாறும் என்பதையும் அறிந்துகொள்வது நல்லது.

கேள்வி: என் மாமனாருக்கு 74 வயது, சர்க்கரைக்குக் கிளிமெபிரைட் மாத்திரை எடுக்கிறார். ஏகாதசி, சஷ்டி என்று மாதத்தில் பல நாள் விரதம் இருக்கிறார். அந்நாட்களில் பிற்பகலில் வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசி, எரிச்சல்படுகிறார். மாலையில் பால் குடித்தபின் சரியாகிவிடுகிறார். மறதிநோயின் தொடக்கமா?
– வாசகி, மதுரை

பதில்: நீங்கள் விவரித்திருப்பது மறதிநோயைவிட, இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதற்கே பொருந்துகிறது. கிளிமெபிரைட், கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. மாத்திரையை விழுங்கிவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சரியும். இளையவர்களுக்கு வரும் நடுக்கமும் படபடப்பும் முதியவர்களுக்குத் தெளிவாக வராமல், நேரே குழப்பமும் கோபமும் மட்டுமே வரக்கூடும். வீட்டார் அதை 'விரதத்தால் வந்த களைப்பு' என்று எடுத்துக்கொள்வார்கள்.

இதை அலட்சியப்படுத்தலாகாது. கலிஃபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியான கட்டுரை, மருத்துவமனைக்குப் போகும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோன நிகழ்வு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை நேர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்று கண்டது. உயர்ந்த சர்க்கரை மூளைக்குக் கேடு என்பது எல்லாருக்கும் தெரியும். தாழ்ந்த சர்க்கரையின் கேட்டைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை.

அடுத்தமுறை அப்படி நேர்ந்தால் விரல்நுனிச் சோதனை செய்யுங்கள். 70-க்குக் கீழே இருந்தால், நினைவு தெளிவாக இருக்கும் நிலையில், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். சரியானபின் உணவு கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். விரத நாள்களை மருத்துவரிடம் முன்பே சொல்லி, அன்றைக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் வயதில் மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ1சி ஏழுக்குக் கீழே இருந்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். பல நோய்கள் உள்ள முதியவர்களுக்கு எட்டு வரை ஏற்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். விரதத்தையே விட்டுவிடச் சொன்னால் மாமனார் கேட்கமாட்டார். பழமும் பாலும் சுண்டலும் அனுமதிக்கும் விரதமுறையை அவர் ஏற்பார் என்று நினைக்கிறேன்.

மற்ற நாள்களில் அவர் தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பையும் காயையும் கூட்டுங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும்; ரசம் சோறும் அப்பளமுமாக இரவு உணவை முடித்துக்கொள்பவர்களுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. சிறுநீரக நோய் இருந்தால் புரதத்தின் அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: என் கணவருக்கு நான்கு ஆண்டுகளாக அல்சைமர் நோய். இப்போது சோற்றைத் தொடுவதில்லை. இனிப்பு மட்டும் கேட்கிறார். எடை குறைந்துகொண்டே போகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, நோயைத் தடுக்கும் உணவு எது என்ற பேச்சு இனி உங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. கொழுப்பையும் சர்க்கரையையும் எண்ணி உணவைக் கட்டுப்படுத்தும் காலம் உங்கள் கணவருக்கு முடிந்துவிட்டது. அவர் விரும்பி உண்பது எதுவோ அதுவே இப்போது நல்ல உணவு. இனிப்பின் மீது நாட்டம் கூடுவது இந்நோயில் பலருக்கும் நேர்வது. கேசரியில் நெய்யும் முந்திரியும் கூட்டுங்கள்; சத்துமாவுக் கஞ்சியைப் பாலில் காய்ச்சி வெல்லம் சேருங்கள்; ராகி உருண்டை, பருப்புப் பாயசம், வாழைப்பழத்தோடு பிசைந்த தயிர் என்று அந்த நாட்டத்தின் வழியாகவே சத்தைச் சேர்த்துவிடலாம். சர்க்கரை நோயும் இருந்தால் மாத்திரையை மருத்துவர் அதற்கேற்பத் திருத்துவார்.

சோற்றைத் தொடாததற்கு அது கண்ணுக்குத் தெரியாததுகூடக் காரணமாக இருக்கலாம். அல்சைமர் நோயில் நிற வேறுபாட்டை உணரும் திறன் குறைகிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், வெள்ளைத் தட்டுக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்புத் தட்டிலும் கோப்பையிலும் கொடுத்தபோது நோயாளிகள் உண்ட உணவு ஏறத்தாழக் கால் பங்கு கூடியது. வெள்ளைச் சோற்றை வெள்ளைப் பீங்கானில் வைப்பதைவிட வாழையிலையில் வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே பதார்த்தத்தை வையுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நீங்களும் எதிரே அமர்ந்து உண்ணுங்கள். நீங்கள் கவளம் எடுப்பதைப் பார்த்து அவர் கையும் எடுக்கும். உட்கார மறுத்து நடந்துகொண்டே இருப்பவர் என்றால் சின்ன இட்லி, பணியாரம், வேகவைத்த முட்டைத் துண்டு என்று கையில் கொடுக்கக்கூடியதைக் கொடுங்கள். பல்லில் வலி, பொருந்தாத பல்செட், வாய்ப்புண், மலச்சிக்கல் ஆகியவற்றை அவரால் சொல்ல முடியாது என்பதால் நீங்களே பார்த்தறிய வேண்டும்.

புரையேறுவதைப் பற்றி: தண்ணீர், ரசம், மோர் போன்ற நீர்த்தவையே அவருக்குக் கடினமாக இருக்கும். நிமிர்ந்து உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே சாய்த்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கியபின் அடுத்ததைக் கொடுங்கள். உண்டபின் அரைமணி நேரம் படுக்க வைக்காதீர்கள். கஞ்சியாகக் கெட்டியாக்கிக் கொடுப்பது எளிதா என்பதை விழுங்குதல் பயிற்சியாளர் ஒருவர் பார்த்துச் சொன்னால் நல்லது. பெரிய அரசு மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் இதைக் கேட்கலாம். திடீரென ஓரிரு நாளில் உணவு அறவே நின்றுபோனால் அது நோயின் முதிர்ச்சியாக இல்லாமல், சிறுநீர்த் தொற்றாகவோ நீரிழப்பாகவோ இருக்கக்கூடும், அன்றே காட்டுங்கள்.

குழாய் விஷயத்தில் உறவினர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் முற்றிய மறதிநோயில் உணவுக் குழாய் ஆயுளை நீட்டுவதில்லை, நுரையீரலில் உணவு இறங்கி வரும் காய்ச்சலைத் தடுப்பதில்லை, அதைப் பிடுங்காமலிருக்க நோயாளியின் கையைக் கட்டும் கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. இதனாலேயே அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் குழாயைப் பரிந்துரைக்காமல், பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. கணவர் உண்ணும் அளவு குறைவாக இருந்தாலும் நீங்கள் அவரைப் பட்டினி போடுவதாகாது. உறவினர்களில் ஒருவரை அடுத்தமுறை மருத்துவரிடம் உடன் அழைத்துச் சென்று, இதை அவர் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். முடிந்தால் வாரத்தில் இரண்டு வேளை ஊட்டும் பொறுப்பையும் அவர்களிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: நாளைக்கு மூன்று முறை ஃபில்டர் காபி குடிக்கிறேன். மூளைக்கு நல்லதா, கெட்டதா? எனக்கு 66 வயது.
– வாசகர், சென்னை

பதில்: நடுவயதில் நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து கோப்பை காபி குடித்தவர்களிடம் பிற்காலத்தில் மறதிநோய் குறைவாக இருந்ததாகப் பின்லாந்து ஆய்வொன்று 2009-இல் தெரிவித்தது. அது கண்காணிப்பு ஆய்வு என்பதால் காபியை மருந்தாக்கிவிட வேண்டாம். நிறுத்த வேண்டிய கட்டாயமும் இல்லை. மூன்று டம்ளருக்கும் இரண்டிரண்டு கரண்டி என்றால் ஆறு கரண்டிச் சர்க்கரை என்பதைக் கணக்கில் வையுங்கள். மூன்றாவது டம்ளரை மாலை நான்கு மணிக்கு முன் முடித்துவிட்டால் இரவுத் தூக்கம் கெடாது. இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதைக் காபியோடு சேர்த்து விழுங்காமல், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.